கிரீஸ்ல யாட் வாடகைக்கு எடுக்கறதா இருந்தா மாசத்தை முதல்ல முடிவு பண்ணுங்க, படகு கடைசி

ஜூன் ஆரம்பத்துல ஏதென்ஸ்ல இருந்து ஒரு வாரத்துக்கு பாய்மரப் படகு ஒண்ணு எடுத்து சரோனிக் வளைகுடா தீவெல்லாம் சுத்திட்டு வந்தோம், ரெண்டு குடும்பம், பெரியவங்க நாலு பேரு, பசங்க மூணு பேரு, கூட ஒரு ஸ்கிப்பர் (படகு ஓட்ட கம்பெனி மூலமா வர்ற கேப்டன்). போட்டோ பாத்தவங்க எல்லாரும் கேக்குற முதல் கேள்வி எந்த கம்பெனி, எந்த மாடல் படகு, எத்தனை அடி. அதெல்லாம் கடைசியா பாக்க வேண்டியது. எந்த மாசம் போறீங்கங்கறது முதல், எத்தனை நாள்ங்கறது ரெண்டாவது, அந்த ரெண்டும் முடிவாச்சுன்னா எந்தக் கடல்ங்கறது தானா முடிவாயிடும், அதுக்கப்புறம் படகு எதுவா இருந்தாலும் ஒரு வாரம் ஓடிடும். நெட்ல பாத்தா எல்லாரும் தலைகீழா பண்றாங்க, வெள்ளை கேட்டமரான் (ரெட்டை அடிப்பாகம் வெச்ச படகு) போட்டோவ பாத்து மயங்கி, ஆகஸ்ட்ல அஞ்சு நாள் லீவ் போட்டு, சாண்டோரினி போகணும்னு ஆரம்பிக்கிறாங்க. அந்த மூணும் ஒண்ணோட ஒண்ணு சேரவே சேராது, ஏன்னு கீழ சொல்றேன்.

முதல்ல காத்து. ஈஜியன் கடல்ல கோடையில மெல்டெமின்னு ஒரு வடக்குக் காத்து உண்டு, ஜூன் கடைசியில மெதுவா ஆரம்பிச்சு ஜூலை ஆகஸ்ட்ல உச்சத்துக்குப் போய் செப்டம்பர் நடுவுல அடங்கும். வானம் பளிச்சுன்னு நீலமா இருக்கும், ஒரு மேகம் இருக்காது, கரையில நின்னு பாத்தா என்ன அருமையான நாள்னு தோணும், ஆனா கடல்ல 6, 7 போஃபோர்ட் (காத்தோட பலத்தை 0ல இருந்து 12 வரைக்கும் அளக்குற கணக்கு) அடிச்சிட்டு இருக்கும், சில நேரம் 8 கூட. சாயங்காலம் ஆனா நின்னுடும்னு நினைக்காதீங்க, ராத்திரியும் அடிக்கும், மூணு நாள் நாலு நாள்னு விடாம அடிக்கும். இது ஏன் வருதுன்னு தேடிப் படிச்சப்ப எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு: பால்கன் பக்கம் உயர் அழுத்தம், துருக்கி மேல வெயில்ல உருவாகுற தாழ்வழுத்தம், ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டது ஈஜியன். அந்த துருக்கி தாழ்வழுத்தம் தனி ஆளு இல்ல, வடமேற்கு இந்தியா, பாகிஸ்தான், ஈரான்னு நீண்டு போற பெரிய தாழ்வழுத்தப் பட்டையோட மேற்கு முனைதான் அது, அதாவது நம்ம ஊருக்கு தென்மேற்குப் பருவமழைய இழுத்துட்டு வர்ற அதே ஏற்பாடு. கேரளாவுல மழை கொட்டுற மாசங்கள்லதான் ஈஜியன்ல இருக்கற மைக்கோனோஸ் தீவுல குடை பறக்குது.

இப்ப சாண்டோரினி கதைக்கு வரேன், ஏன்னா நம்ம ஆளுங்க பத்து பேர்ல ஒன்பது பேரு அதைத்தான் கேக்குறாங்க. ஏதென்ஸ் பக்கத்துல இருந்து சாண்டோரினி கடல் வழியா 120 கடல் மைலுக்கு மேல (ஒரு கடல் மைல்னா 1.85 கிலோமீட்டர்). பாய்மரப் படகு மணிக்கு 5, 6 கடல் மைல் போகும், அவ்வளவுதான், கார் மாதிரி மிதிச்சு ஓட்ட முடியாது. போறப்ப காத்து பின்னாடி இருந்து தள்ளும், ஜாலியா போயிடலாம், திரும்பி வர்றப்ப அதே காத்து மூஞ்சிக்கு நேரா வரும், அலை மேல அலையா படகு மொத்து வாங்கும், உள்ள இருக்கறவங்க எல்லாரும் வாந்தி எடுத்துட்டு படுத்துடுவாங்க. சரி போயே சேந்துட்டீங்கன்னு வைங்க, அங்க படகு நிறுத்த ஒழுங்கா இடம் கிடையாது, அந்த எரிமலைக் குழிக்குள்ள கடல் அவ்வளவு ஆழம், நங்கூரம் போட்டா தரையவே தொடாது, தெற்கு பக்கம் விளிஹாடான்னு ஒரு சின்ன மெரினா (யாட் நிறுத்தற துறைமுகம்) இருக்கு, அங்க இடம் கிடைச்சா உண்டு. சாண்டோரினி பாக்கணும்னா ஏதென்ஸோட துறைமுகம் பிரேயஸ்ல இருந்து ஃபெர்ரி புடிச்சு போய் ரெண்டு நாள் ரூம் போட்டு பாத்துட்டு வாங்க, அதுக்கு யாட் வேண்டாம். சைக்லடீஸ் தீவுகளுக்கு (சாண்டோரினி, மைக்கோனோஸ், பாரோஸ் எல்லாம் இருக்கற கூட்டம்) படகுலயே போகணும்னா ரெண்டு வாரமாவது கையில வேணும், காத்து புடிச்சு ஒரு தீவுலயே மூணு நாள் உக்கார வெச்சாலும் பதட்டப்படாத மனசும் வேணும். காத்து ரொம்ப பலமா இருந்தா துறைமுக போலீஸே யாரும் கிளம்பக்கூடாதுன்னு தடை போட்டுடுவாங்க, அப்ப உங்க ஸ்கிப்பர் எவ்வளவு பெரிய கில்லாடியா இருந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. சனிக்கிழமை படகைத் திருப்பிக் கொடுக்கணும், உங்க ஃப்ளைட் சனிக்கிழமை மத்தியானம், நீங்க வியாழக்கிழமை பாரோஸ்ல மாட்டிட்டு இருக்கீங்க. யோசிச்சுப் பாருங்க.

நாங்க ஜூன் ஆரம்பத்தை எடுத்ததுக்கு முதல் காரணம் ஸ்கூல். நாங்க இருக்கறது பவேரியா, இங்க பெந்தகோஸ்தே (ஈஸ்டர் முடிஞ்சு ஏழு வாரத்துல வர்ற பண்டிகை) லீவ் ரெண்டு வாரம் விடுவாங்க, ஜெர்மனியில பக்கத்து மாநிலம் பாடன் வுர்ட்டம்பெர்க் தவிர வேற எங்கயும் இவ்வளவு பெருசா கிடையாது. மே கடைசி ஜூன் ஆரம்பம்ங்கறது கிரீஸ்ல யாட் எடுக்க தங்கமான நேரம், மெல்டெமி இன்னும் முழுசா முழிச்சிருக்காது, கடல் தண்ணி 21, 22 டிகிரி இருக்கும் (ஜெர்மன் பசங்க குதிச்சு விளையாடுவாங்க, என் வீட்டுக்காரி மட்டும் கால் கட்டை விரலை நனைச்சுட்டு ஆகஸ்ட்ல வந்திருக்கலாம்னு சொன்னா), பகல் கிட்டத்தட்ட 15 மணி நேரம். பகல் நீளமா இருக்கறது எவ்வளவு முக்கியம்னு கிளம்பறதுக்கு முன்னாடி யாரும் சொல்றதில்ல. காலையில நிதானமா டீ குடிச்சு, நடுவுல ஒரு வளைகுடாவுல நிறுத்தி குளிச்சு சமைச்சு சாப்ட்டு, அப்புறமும் வெளிச்சத்துலயே அடுத்த ஊர் போய் சேரலாம். அக்டோபர் நடுவுல போனீங்கன்னா பகல் 11 மணி நேரம் சொச்சம்தான், சாயங்காலம் ஏழு மணிக்குள்ள இருட்டிடும், தெரியாத துறைமுகத்துல இருட்டுல படகு கட்டறது சுகமான வேலை இல்ல.

பசங்க ஸ்கூல் தொல்லை இல்லாதவங்களுக்கு என்னோட ஓட்டு செப்டம்பர் ரெண்டாவது பாதி. கோடை பூரா வெயில்ல காஞ்ச தண்ணி அப்பத்தான் 24 டிகிரி கிட்ட இருக்கும், மெல்டெமி ஓஞ்சிருக்கும், இத்தாலிக்காரங்க பிரெஞ்சுக்காரங்க எல்லாம் வீட்டுக்குப் போயிருப்பாங்க, வாடகையும் இறங்க ஆரம்பிச்சிருக்கும். எங்க ஸ்கிப்பர்கிட்ட உங்க சொந்தக் குடும்பத்தை எப்ப கூட்டிட்டுப் போவீங்கன்னு கேட்டேன், யோசிக்காம செப்டம்பர்னுதான் சொன்னாரு. ஆனா அதுலயும் ஒரு ஆபத்து இருக்கு, மத்திய தரைக்கடல்ல செப்டம்பர்ல எப்பயாவது ஒரு தடவை புயல் மாதிரியே ஒண்ணு உருவாகும், 2020 செப்டம்பர்ல இயானோஸ்னு ஒண்ணு அயோனியன் தீவுகளை அடிச்சு நொறுக்குச்சு, நிறைய படகு கரையில ஏறிச்சு, 2023 செப்டம்பர் ஆரம்பத்துல டேனியல் வந்து தெசாலி பக்கம் பெரிய வெள்ளம். அரிது தான், ஆனா கேன்சல் பண்ற விதி என்னன்னு படிச்சுட்டு கையெழுத்து போடுங்க.

ஏப்ரல், மே ஆரம்பம் பத்தி கேட்டீங்கன்னா விலை குறைவு, மலையெல்லாம் பச்சையா பூவா இருக்கும், ஆனா தண்ணி 17, 18 டிகிரி, ராத்திரி படகுக்குள்ள குளிரும். குளிக்கறதுக்காக போறவங்களுக்கு வேஸ்ட், ஊர் சுத்திப் பாக்கறவங்களுக்கு அருமை. கூடவே கிரேக்கர்களோட ஈஸ்டர் எப்பன்னு பாத்துக்கோங்க, அது நம்ம பக்கத்து சர்ச் ஈஸ்டர் தேதியோட பெரும்பாலும் ஒத்துப் போகாது, ஒரு வாரத்துல இருந்து அஞ்சு வாரம் வரைக்கும் தள்ளி வரும், சில வருஷம் ஒரே நாள்ல வரும், 2025ல அப்படித்தான் வந்துச்சு. அதுல இருந்து ஐம்பது நாள் கழிச்சு அவங்களுக்கு பரிசுத்த ஆவி திங்கட்கிழமைன்னு ஒரு லீவ், அந்த நீண்ட வீக்கெண்டுக்கு ஏதென்ஸ்காரங்க மொத்தமும் ஏஜினா, ஹைட்ரான்னு கிளம்பிடுவாங்க. அந்த லீவும் பவேரியா லீவும் ஒரே வாரத்துல வந்துச்சுன்னா துறைமுகத்துல மியூனிக்காரங்க பேச்சுதான் கேக்கும், இடம் மட்டும் கிடைக்காது.

இனி எத்தனை நாள். இங்க ஒரு கணக்கு இருக்கு, வெப்சைட்ல தெளிவா போட மாட்டாங்க. கிரீஸ்ல சீசன்ல யாட் வாடகைன்னா சனிக்கிழமையில இருந்து சனிக்கிழமை, அவ்வளவுதான், புதன்கிழமை எடுத்து ஞாயித்துக்கிழமை தரேன்னா பெரும்பாலும் ஒத்துக்க மாட்டாங்க. சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு படகைத் தருவாங்க, அதுல லிஸ்ட் எல்லாம் சரி பார்த்து, கையெழுத்து போட்டு, சூப்பர் மார்க்கெட் சாமானை ஏத்தி முடிக்கறதுக்குள்ள ராத்திரி ஆயிடும், அன்னைக்கு மெரினாவுலயே தூங்க வேண்டியதுதான். கடைசி சனிக்கிழமை காலையில எட்டு ஒன்பது மணிக்கு பெட்டி படுக்கையோட இறங்கிடணும், அதனால வெள்ளிக்கிழமை சாயங்காலமே திரும்பி வந்து டீசல் போட்டு கட்டிடணும். ஏழு நாள்னு காசு கொடுத்தாலும் கடல்ல உங்களுக்குன்னு இருக்கறது ஞாயிறுல இருந்து வெள்ளி வரைக்கும் ஆறு பகல், அதுலயும் வெள்ளி திரும்பற வேலைக்குப் போயிடும். அதாவது நீங்க கிளம்பின இடத்துல இருந்து ரெண்டரை நாள் தூரத்துக்கு மேல போகவே கூடாது. இந்த ஒரு கணக்கை வெச்சுப் பாத்தாலே ஒரு வாரத்துக்கு சரோனிக் சரி, சைக்லடீஸ் தப்புன்னு தெரிஞ்சிடும்.

மூணு நாள் நாலு நாள் எடுக்கலாமான்னு என் மச்சானும் கேட்டாரு, வாந்தி பயம் அவருக்கு. சீசன் இல்லாத மாசத்துல தருவாங்க, நாங்களும் விலை கேட்டுப் பாத்தோம். நாலு நாளுக்கு ஒரு வார வாடகையில முக்கால்வாசி சொன்னாங்க, கிளீனிங் சார்ஜ், பேப்பர் வேலைக்கான சார்ஜ் இதெல்லாம் எத்தனை நாளானாலும் ஒரே தொகை, அதனால ஒரு நாளைக்கு விழற செலவு ஏறிப் போகுது. அதை விட முக்கியம், முதல் ரெண்டு நாள் உடம்பு பழகவே போயிடும். ராத்திரி படகு ஆடுற ஆட்டத்துல தூக்கம் வராது, டாய்லெட் பம்பு அடிச்சு அடிச்சு கை வலிக்கும், தண்ணிய பாத்துப் பாத்து செலவழிக்கணும்ங்கறதே எரிச்சலா இருக்கும். மூணாவது நாள்தான் எல்லாம் கைக்கு வரும், பசங்க கயிறு கட்டக் கத்துக்குவாங்க. அந்த நேரத்துல இறங்குங்கன்னா எப்படி? கடல் ஒத்துக்குமான்னே தெரியலைன்னா யாட்டை விடுங்க, ஏதென்ஸ்ல இருந்து ஏஜினாவுக்கு ஒரு நாள் டிரிப் படகுல போய் பாருங்க, இல்ல துபாய் மெரினாவுல மணிக்கணக்குல தர்றாங்களே அதுல ஏறி கேக் வெட்டிட்டு வாங்க, அது வேற இது வேற.

பத்து நாள்ங்கறது கேக்க நல்லா இருக்கும், ஆனா சனி டு சனி பழக்கத்துனால கம்பெனிக்கு ஒரு வாரம் உடையுது, அதனால சீசன்ல கிடைக்கறது கஷ்டம், ரெண்டு வாரமா கேட்டா டிஸ்கவுண்ட் கூட தருவாங்க. சின்னப் பசங்களோட ரெண்டு வாரம் அந்த இடுக்குல இருக்க முடியுமாங்கறது அவங்கவங்க குடும்பத்தைப் பொறுத்தது. எங்களால முடியாது. ரெண்டு குடும்பம் ஒண்ணா போறப்ப அஞ்சாவது நாளுக்கு மேல யாரு பாத்திரம் கழுவறதுங்கறது பெரிய விஷயமா மாறுது, அதுக்கு மேல நான் எதுவும் எழுத விரும்பல.

சரி, எங்க ரூட். கிளம்பினது ஏதென்ஸ் பக்கத்துல ஆலிமோஸ் மெரினா, ஏர்போர்ட்ல இருந்து டாக்ஸியில முக்கால் மணி நேரம், இல்லன்னா எக்ஸ்96 பஸ் கடற்கரை ரோட்டுலயே போகுது. ஞாயித்துக்கிழமை ஏஜினா தீவோட தெற்குல பெர்டிகாங்கற சின்ன ஊரு, எதிர்ல மோனின்னு ஒரு தீவு, அதுல வீடே கிடையாது, மானும் மயிலும் தான் சுத்துது. மயிலைப் பாக்க கிரீஸ் வரைக்கும் வரணுமான்னு என் வீட்டுக்காரி கேட்டா, ஆனா பசங்க குளிக்கறதை விட்டுட்டு மயில் பின்னாடியே ஓடிட்டு இருந்தாங்க. ஏஜினாவுல பிஸ்தா ரொம்ப ஃபேமஸ், துறைமுகத்துல கடைகடையா விக்கிறாங்க, விலை கூடதான், ஆனா சூப்பர் மார்க்கெட் பிஸ்தாவோட ஒப்பிடவே முடியாது. திங்கட்கிழமை பழைய எபிடாவ்ரோஸ், இதுதான் மொத்த டிரிப்லயே எனக்குப் பிடிச்ச இடம். அமைதியான துறைமுகம், பக்கத்துலயே கடலுக்கடியில ரோமானிய காலத்து வீட்டோட அஸ்திவாரம் தெரியுது, மாஸ்க் போட்டா மேல மிதந்துட்டே பாக்கலாம், ஆழமே இல்ல. அங்க இருந்து டாக்ஸி புடிச்சா அந்தப் பெரிய கல் அரங்கம், கி.மு. நாலாம் நூற்றாண்டு, சுமார் 14,000 பேரு உக்காரலாம். கீழ நடுவுல நின்னு என் பொண்ணு திருக்குறள் சொன்னா, மேல் வரிசையில உக்காந்திருந்த எனக்கு தெளிவா கேட்டுச்சு, ரெண்டாவது அடிய மறந்ததும் சேர்த்துதான்.

அப்புறம் மெத்தானா எரிமலையச் சுத்தி போரோஸ். ஊருக்கும் மெயின் லேண்டுக்கும் நடுவுல ஒரு ஒடுங்கின வாய்க்கால் மாதிரி கடல், அதுல ஃபெர்ரி, மீன் படகு, யாட் எல்லாம் இடிக்காம போயிட்டு வருது. இங்க கடை, தண்ணி, டீசல் எல்லாம் வசதி, ராத்திரி பசங்களோட நடக்க நல்ல ஊரு. புதன்கிழமை ஹைட்ரா. காரே கிடையாது, சாமான் தூக்கறது எல்லாம் கழுதையும் கோவேறு கழுதையும்தான், கனடா பாடகர் லியோனார்ட் கோஹன் 1960ல வீடு வாங்கின ஊரு, அழகுன்னா அழகு. ஆனா துறைமுகம் சின்னது, பொங்கலுக்கு முதல் நாள் கோயம்பேடு பஸ் ஸ்டாண்ட் மாதிரி இருக்கு. படகுகளை பின்பக்கமா கரையில கட்டி முன்னாடி நங்கூரம் போடுவாங்க, இடம் இல்லன்னா அடுத்த வரிசை, அதுக்கு அடுத்த வரிசைன்னு படகு மேல படகா கட்டுவாங்க, நங்கூரச் சங்கிலி எல்லாம் அடியில பின்னிக்கும், காலையில முதல்ல கிளம்பறவன் மத்தவன் நங்கூரத்தையும் சேர்த்து தூக்குவான், அப்புறம் ஆறு மொழியில சண்டை. எங்க ஸ்கிப்பர் காலையில ஆறரைக்கே எல்லாரையும் எழுப்பி கிளப்பி பதினொண்ணுக்குள்ள போய் சேந்ததால கரையோரமே இடம் கிடைச்சுது. பசங்க முணுமுணுத்தாங்க, மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்தவங்க இடம் இல்லாம வட்டமடிச்சதைப் பாத்ததும் அடங்கிட்டாங்க. சங்கிலி சண்டையே வேண்டாம்னா படகைப் போரோஸ்லயே விட்டுட்டு ஃபெர்ரியில ஹைட்ரா போய்ட்டு வாங்க, தப்பே இல்ல.

வியாழக்கிழமை திரும்ப ஏஜினா பக்கம், வெள்ளி ஆலிமோஸ். மொத்தம் நூறு கடல் மைல் சொச்சம். இன்னும் ஒரு நாள் இருந்திருந்தா ஸ்பெட்சேஸ் போயிருக்கலாம், ஆனா அந்த ஒரு நாள்ங்கறது கிடையாது, மேல சொன்ன கணக்கைப் பாருங்க. நல்லா பாய் விரிச்சு ஓட்டற காத்து ரெண்டு நாள்தான் இருந்துச்சு, மத்த நேரம் இன்ஜின்தான், பாய்மரப் பைத்தியங்களுக்கு சரோனிக்ல ஜூன் ஆரம்பம் போரடிக்கலாம், சொல்லிட்டேன்.

செலவு. 45 அடி படகு, நாலு கேபின், வாடகை 3,200 யூரோ. அதே படகுக்கு ஆகஸ்ட் முதல் வாரம் 4,900 சொன்னாங்க, அக்டோபர் நடுவுல 1,900. ஸ்கிப்பருக்கு ஒரு நாளைக்கு 200, அவரு சாப்பாடும் நம்மளோடதுதான், அதை விட முக்கியம் அவருக்கு படுக்க ஒரு கேபின் தரணும், நாலு கேபின்னா நமக்கு மூணுன்னு நினைச்சு ஆள் சேருங்க. கிளீனிங், படுக்கை விரிப்பு, டிங்கிக்கு (கரைக்குப் போய்ட்டு வர்ற குட்டிப் படகு) மோட்டார் எல்லாம் சேர்த்து 300, டீசல் 150, துறைமுகக் கட்டணம் எல்லாம் சேர்த்து நூறு தாண்டல. ஆக மொத்தம் 5,150, ரெண்டு குடும்பத்துக்கும் பாதி பாதி, சாப்பாடும் ஃப்ளைட்டும் தனி. ஆளுக்கு கணக்கு போட்டா நல்ல ஹோட்டல்ல தங்கறதுக்கு ஆகுற செலவுதான், ஆனா ஹோட்டல்ல யாரும் உங்களை காலையில ஆறரைக்கு எழுப்ப மாட்டாங்க.

ஸ்கிப்பர் இல்லாம எடுக்கணும்னா லைசன்ஸ் வேணும், கூட வர்றவங்கள்ல இன்னொருத்தருக்காவது படகு வேலை தெரியணும், ரெண்டுமே கிரீஸ்ல கேப்பாங்க. எங்கள்ல யாருக்கும் இல்ல. ஸ்கிப்பர் 60 வயசு தாண்டினவரு, கம்மியா பேசுவாரு, பசங்க கேப்டன் தாத்தான்னே கூப்பிட்டாங்க, அவருக்கு அர்த்தம் சொன்னதும் ஒரு மாதிரி பாத்தாரு, அப்புறம் ஏத்துக்கிட்டாரு. இவருக்கு பத்துக்கு பத்து.

படகுக்கு பத்துக்கு ஆறு. கம்பெனி பேரு வேண்டாம். ஃப்ரிட்ஜ் பேட்டரி பழசு, ராத்திரி இன்ஜின் ஓடாதப்ப காலி ஆயிடுச்சு, பால் ரெண்டு தடவை கெட்டுப் போச்சு, ஒரு டாய்லெட் பம்பு மூணாவது நாளே மக்கர். போன் பண்ணா போரோஸ்ல ஆள் வருவான்னாங்க, வந்தான், பாத்தான், பார்ட்ஸ் இல்லன்னு போயிட்டான். மே மாசத்துல எடுத்தா படகு அப்பதான் சர்வீஸ் முடிஞ்சு வந்திருக்கும், செப்டம்பர்ல எடுத்தா நாலு மாசம் அடி வாங்கியிருக்கும்னு சொல்லுவாங்க, எங்களுக்கு ஜூன்லயே இப்படி, அதனால அந்த பேச்சை நம்பாதீங்க, சனிக்கிழமை சாயங்காலம் எவ்வளவு அலுப்பா இருந்தாலும் எல்லா பம்பையும் அடிச்சுப் பாருங்க, எல்லா லைட்டையும் போட்டுப் பாருங்க, கீறல் எல்லாத்தையும் போட்டோ எடுங்க.

சாப்பாடு பத்தி ஒரு வார்த்தை. ரைஸ் குக்கரைத் தூக்கிட்டுப் போகாதீங்க, கரையில கரண்ட் கனெக்ஷன் கொடுத்தாதான் ஓடும். கேஸ் அடுப்பு இருக்கு, சின்ன பிரஷர் குக்கர் கொண்டு போனோம், எபிடாவ்ரோஸ்ல விசில் அடிச்சப்ப பக்கத்து படகு டச்சுக்காரர் ஏதோ வெடிக்கப் போகுதுன்னு எந்திரிச்சு வந்துட்டாரு. கிரேக்கத் தயிர்ல தயிர் சாதம் பண்ணி சாப்பிட்டவங்க வேற தயிரைத் தேட மாட்டாங்க. சைவக்காரங்களுக்கு பெரிய பீன்ஸ் கறி, ஃபாவா (மசிச்ச பருப்பு), அரிசி அடைச்ச தக்காளி, அவிச்ச கீரைன்னு எல்லா ஊர்லயும் கிடைக்குது, பட்டினி கிடக்க வேண்டாம்.

ஜூலை ஆகஸ்ட்ல மட்டும்தான் லீவ் கிடைக்கும்னு சொல்றவங்க ஈஜியனை விட்டுட்டு மேற்கு பக்கம் போங்க, லெஃப்கடா இல்லன்னா கோர்ஃபுல இருந்து அயோனியன் தீவுகள். அங்க மெல்டெமி தொல்லை இல்ல, மத்தியானம் வடமேற்குல இருந்து ஒரு காத்து எழும்பி சாயங்காலம் தூங்கிடும், தீவுக்கு தீவு தூரம் கம்மி, மெகானிசி, இதாகா, ஃபிஸ்கார்டோன்னு ஒரு வாரத்துக்குள்ள தாராளமா சுத்தலாம். கூட்டமும் விலையும் உச்சத்துல இருக்கும், அதுக்கு மட்டும் மருந்து இல்ல. லெஃப்கடாவுக்கு படகு இல்லாமலே பாலம் வழியா கார்ல போயிடலாம், ப்ரெவேசா ஏர்போர்ட் பக்கத்துலயே.

புக்கிங் எப்பன்னா, ஸ்கூல் லீவ்ல போறவங்க முந்தின வருஷம் நவம்பர் டிசம்பர்லயே பண்ணிடுங்க, ஆரம்பத்துல பாதி காசு, மீதி கிளம்பறதுக்கு ஒரு மாசம் முன்னாடி, சீக்கிரம் பண்ணா தள்ளுபடியும் உண்டு. அக்டோபர்ல போறவங்க கடைசி நிமிஷம் வரைக்கும் காத்திருந்து பேரம் பேசலாம், நிறைய படகு சும்மா நிக்கும். செக்யூரிட்டி டெபாசிட் எங்களுக்கு 3,000 யூரோ, கார்டுல பிளாக் பண்ணாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீசல் போட ஆலிமோஸ்ல ஒரு மணி நேரத்துக்கு மேல க்யூ, அதனால மூணு மணிக்குள்ள வந்துடற மாதிரி பாத்துக்கோங்க. படகைத் திருப்பிக் கொடுத்ததும் ஒருத்தன் தண்ணிக்குள்ள முங்கி அடிப்பாகத்தைச் சரி பாத்தான், ஒண்ணும் இல்லன்னான், டெபாசிட் நாலு நாள்ல ரிலீஸ் ஆயிடுச்சு. டாய்லெட் பம்புக்கு ஏதாவது கழிச்சுத் தருவீங்களான்னு மெயில் போட்டேன், அடுத்த புக்கிங்ல அஞ்சு பர்சன்ட் தள்ளுபடின்னு பதில் வந்துச்சு. வேற கம்பெனில விலை கேட்டுட்டு இருக்கேன், அடுத்த வருஷம் பெந்தகோஸ்தே லீவுக்கு, லெஃப்கடாவுல இருந்து, அதே ஒரு வாரம்.